தண்ணீர் பட்ட வண்டி

செப்டம்பர் 4

இல்லை, பெட்ரோல் இல்லை. மின்சாரம். வீட்டுப் பிளக்கில் செருகி வைத்தால் மறுநாள் இருபது கிலோமீட்டர் போகும். ஆமாம், சிங்கப்பூரில் வாங்கியது. இல்லை, பிறவியில் இல்லை, ஆறு வருடமாக. லைசென்ஸ் தேவையில்லை என்றுதான் நினைக்கிறேன். ஆமாம், தமிழ் தெரியும். நான் தமிழ்தான்.

உறையூரில் வீடு. நான் பாடம் எடுக்கும் கல்லூரி ஒன்றரைக் கிலோமீட்டர். இன்று வழியில் இந்தப் பதில்களை நான்கு பேரிடம் சொன்னேன். ஐந்தாவது ஆள் எதுவும் கேட்கவில்லை. பைக்கை என் பக்கத்திலேயே ஓட்டிக்கொண்டு வந்தான். என் வண்டியை மேலும் கீழும் பார்த்தான். "சூப்பர்க்கா" என்றான். போய்விட்டான்.

இங்கே இதைப் பேட்டரி வண்டி என்கிறார்கள். மூன்று சக்கரம், ஒரு நாற்காலி, ஒரு கூடை. கைப்பிடியில் வலது பக்கம் ஒரு விசை. கட்டைவிரலால் அழுத்தினால் போகும். விட்டால் நின்றுவிடும். வேறொன்றும் இல்லை.

சிங்கப்பூரில் இதை யாரும் திரும்பிப் பார்த்ததில்லை. அது பிடித்திருந்ததா என்று இப்போது ஞாபகமில்லை.

செப்டம்பர் 6

வீட்டுக்காரர் இளங்கோவன் என் வாசற்படிக்கு இரும்புத் தகட்டில் சறுக்கு செய்து போட்டிருக்கிறார். அவருக்குச் சொந்தமாக ஒரு லேத்துப் பட்டறை. மாடியில் அவரும் கோதை அக்காவும். கீழே நான்.

"டீச்சர், இதுல யானையே ஏறலாம்" என்றார்.

"யானை ஏறட்டும். அந்தப் புள்ள ஏறுமா பாருங்க" என்றார் அக்கா.

ஏறினேன். இருவரும் கைதட்டினார்கள். கூச்சமாக இருந்தது.

தீபனுக்குப் படம் அனுப்பினேன். என் அண்ணன். நான் கிளம்பும்போது அவன் ஒரே ஒரு நிபந்தனை வைத்தான். தனியாகச் சமாளிக்கும்வரை இருக்கலாம். இன்னொருவர் துணை தேவைப்படும் நாள் அன்றே திரும்பிவிட வேண்டும். அம்மாவுக்கு முன்னால் சத்தியம் செய்தேன். தீபாவளிக்கு முன்பு நேரில் வந்து பார்ப்பானாம்.

படத்துக்குக் கட்டைவிரல் அனுப்பினான்.

செப்டம்பர் 11

புத்தூர் பக்கம் நடுரோட்டில் வண்டி நின்றது.

பின்னால் மினி பஸ். கண்டக்டர் படியில் தொங்கிக்கொண்டு, "யம்மா, எடும்மா வண்டிய! இங்கயே குடித்தனம் பண்ணப் போறியா?" என்றார். நான் அழுத்தினேன். போகவில்லை. இரண்டு பேர் ஓரமாகத் தள்ளிவிட்டார்கள். "பேட்டரி போயிருச்சு" என்றார் ஒருவர். மற்றவர் ஆமோதித்தார்.

பேட்டரி நிறைந்திருந்தது. நான்கு பச்சை விளக்குகளும் எரிந்தன.

பத்து நிமிடம் கழித்து அழுத்தினேன். போனது. வெயிலாக இருக்கலாம். இந்த வெயிலுக்குச் செய்த வண்டி இல்லை.

செப்டம்பர் 14

பேனா மாற்ற வேண்டும். இது இழுக்கிறது.

செப்டம்பர் 19

இரண்டாம் ஆண்டுப் புள்ளியியல் வகுப்பு. ஒரு நிகழ்வுக்கு இரண்டு காரணங்கள் இருக்கக்கூடும் என்றால், எது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? ஒன்றை மாற்றாமல் வைத்துக்கொண்டு மற்றதை மாற்றிப் பார்க்க வேண்டும். உதாரணம் கேட்டேன். கடைசி பெஞ்சிலிருந்து ஒருத்தி, "மிஸ், குழம்பு நல்லா இல்லன்னா அம்மாவ மாத்தணுமா, மிளகாப்பொடிய மாத்தணுமா?" என்றாள். பத்து நிமிடம் வகுப்பு கலைந்துவிட்டது. நல்ல உதாரணம்தான்.

மார்க்கர் மூன்று முறை கீழே விழுந்தது. மலிவான மார்க்கர். வழுக்குகிறது.

செப்டம்பர் 24

தீபன் பேசினான்.

"உடம்பு?"

"நல்லா இருக்கு."

"கை காலு?"

"காலு எப்பவும்போல."

கை என்று அவனும் பழக்கத்தில்தான் கேட்டான். எனக்கு வந்தது தண்டுவடத்தில் வீக்கம். வந்தது, கால்களில் பாதியை எடுத்துக்கொண்டு போனது. குச்சியோடு பத்துப் பதினைந்து எட்டு நடப்பேன். இது கால்களின் நோய். எல்லாப் படிவங்களிலும் அப்படித்தான் எழுதியிருக்கிறேன்.

அக்டோபர் 1

புத்தூர் வழியாகப் போவதில்லை. பின்தெரு. சுற்று அதிகம், பஸ் இல்லை. ஒரு வீட்டு வாசலில் எருமை. அங்கே வண்டி நின்றால் யாரும் கத்துவதில்லை. எருமைக்காக நின்றதாகவே நினைத்துக்கொள்கிறார்கள்.

அக்டோபர் 3

வலது விசையை இடது கையைக் குறுக்கே போட்டு அழுத்திப் பார்க்கிறேன். வேறுவிதமாகப் பழகுவதும் நல்லது. ஆனால் வண்டி இடப்பக்கம் இழுக்கிறது. சக்கரத்தில் கோளாறு இருக்கலாம்.

வெயில், விசை, சக்கரம். ஒரே மாதத்தில் ஒரு வண்டிக்கு மூன்று கோளாறு. எது முதலில் வந்தது, எது எதனால் வந்தது, தெரியவில்லை.

அக்டோபர் 10

மதியம் கல்லூரி விட்டுவிட்டார்கள். நாளை ஆயுத பூஜை. வந்து படுத்தேன். தண்ணீர்ச் சத்தத்தில் விழித்தேன்.

வாசலில் இளங்கோ, லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு. கையில் ரப்பர் குழாய். மோட்டார் போட்டிருந்தார். அவருடைய குட்டி யானை (பட்டறைக்கு இரும்பு ஏற்றும் சின்ன லாரியை இங்கே அப்படித்தான் சொல்கிறார்கள்), அக்காவின் ஸ்கூட்டி, ஒரு பழைய சைக்கிள். எல்லாம் சொட்டச் சொட்ட. கடைசியாக என் வண்டி. சீயக்காய்த் தூள் போட்டுத் தேய்த்திருந்தார்.

"அண்ணே!" என்றேன்.

"ஒங்க வண்டி மட்டும் அழுக்கா நின்னா நல்லாவா இருக்கும் டீச்சர்? நம்ம வீட்டு வண்டிதானே."

நம்ம வீட்டு என்ற சொல்லில் நின்றுவிட்டேன். பிறகு உள்ளே வந்து யோசித்தேன், அது மழையில் ஓடும் வண்டி, குழாய்த் தண்ணீரைத் தாங்குமா என்று. தெரியாது.

அக்டோபர் 11

(மறுநாள் எழுதியது. அன்று எழுதக் கூடாது என்று கோதை அக்கா பேனாவை எடுத்துப்போய்விட்டார்.)

பேனா, புத்தகங்கள், மடிக்கணினி எல்லாம் மாடியில், சாமி முன்னால். ஸ்பேனர்கள், ஒரு துளை இயந்திரம், அரிவாள்மனை, இஸ்திரிப் பெட்டி. என் கைத்தடிக்கும் சந்தனம். என் வண்டிக்குக் கைப்பிடி இரண்டிலும் வாழைக்கன்று கட்டி, சாமந்தி மாலை போட்டு, நெற்றி மாதிரி இருக்கும் விளக்குக்கு மேல் விபூதிப் பட்டை. அழகாகத்தான் இருந்தது.

"இன்னிக்கு எதையும் எடுக்கக் கூடாது லோகா. வருசம் பூரா நமக்கு ஒழைக்குது. ஒரு நாளு அதுக்கு லீவு. நாளைக்குக் காலையில எடுத்துக்க."

"எனக்கு எங்கயாவது போகணும்னா?"

"எங்க போவ? நானே ஊட்டி விடறேன், பேசாம உக்காரு."

கோபம் வந்திருக்க வேண்டும். யாரையும் கேட்காமல் என் கால்களைப் பூஜையில் வைத்துவிட்டார்கள். இதைச் சிங்கப்பூரில் ஒருவர் செய்திருந்தால் புகார் எழுதியிருப்பேன்.

கோபம் வரவில்லை. பிளாஸ்டிக் நாற்காலியில் சாயங்காலம் வரை உட்கார்ந்திருந்தேன். சுண்டல், பொரி. அக்கா உண்மையிலேயே ஒரு வாய் ஊட்டிவிட்டார், விளையாட்டாக. என் கையிடம் யாரும் எதுவும் கேட்காத ஒரு நாள். எவ்வளவு நிம்மதி என்று அப்போதுதான் தெரிந்தது. ஏன் நிம்மதி என்று யோசிக்காமல் பொரி தின்றேன்.

அக்டோபர் 12

காலையில் சக்கரங்களுக்கு அடியில் எலுமிச்சை வைத்தார்கள். முதலில் குட்டி யானை நசுக்கியது. பிறகு ஸ்கூட்டி. பிறகு என்னை உட்கார வைத்து எல்லோரும் விலகி நின்றார்கள். எதிர்வீட்டுக்காரர்களும் வந்திருந்தார்கள்.

அழுத்தினேன். முன் சக்கரம் எலுமிச்சையை நசுக்கியது. அதோடு நின்றது.

இன்னொரு முறை அழுத்தினேன். இன்னொரு முறை.

பிறகு கோதை அக்கா: "நான் அப்பவே சொன்னேன், கரண்டு வண்டிக்குத் தண்ணி அடிக்காதீங்கன்னு. கேட்டாத்தானே!"

"நீ எங்கடி சொன்ன? சக்கரத்துல சேறு இருக்கு, நல்லா அடிங்கன்னு நீதான் சொன்ன!"

"சக்கரத்துலதான சொன்னேன்! சீட்டுக்கும் சேத்தா குளிப்பாட்டச் சொன்னேன்?"

இளங்கோ விசையில் கை வைக்கப் போனார்.

"தொடாதீங்க" என்றேன். "தண்ணி போயிருந்தா ஷாக் அடிக்கும். யாரும் தொடாதீங்க."

அது சரிதான் என்று நினைக்கிறேன். ஈரமான மின்கருவியைத் தொடக் கூடாது. எங்கும் எழுதியிருக்கும்.

அவர் கையை எடுத்தார். வேட்டியில் துடைத்துக்கொண்டார். பிறகும் துடைத்துக்கொண்டே இருந்தார்.

அக்டோபர் 14

எட்டு மணிக்கு என் கதவைத் தட்டினார். "வாங்க டீச்சர். வண்டி சரியாகற வரைக்கும் ஒங்கள கொண்டுபோய் விடறது என் பொறுப்பு."

குட்டி யானையின் சீட் உயரம். கீழே ஒரு முக்காலி போட்டார். கதவைப் பிடித்து, அவர் தோளைப் பிடித்து, ஏறினேன். வழியெல்லாம் பேசினார். இந்த மாதிரி வண்டியெல்லாம் பார்ப்பவர் கமருதீன்தானாம். கமர் பாய் என்பார்கள். கால் முடியாதவர்களுக்கு ஸ்கூட்டரில் சைடு வீல் கட்டிக் கொடுப்பவர். மகள் கல்யாணத்துக்கு அறந்தாங்கி போயிருக்கிறார். இருபத்தொன்றாம் தேதிதான் கடை திறப்பாராம்.

"அவரு கை வச்சா சரியாயிடும். நீங்க கவலப்படாதீங்க."

நான் கவலைப்படவில்லை. அதுதான் எனக்கே புரியவில்லை.

அக்டோபர் 16

தீபனுக்கு எழுதியது: "வீட்டுக்காரர் வண்டியில் தண்ணீர் அடித்துவிட்டார். ரிப்பேர் ஆகும்வரை அவரே கல்லூரியில் விடுகிறார்."

ஒவ்வொரு சொல்லும் உண்மை. இரண்டு வாக்கியத்துக்கு நடுவில் எதையும் நான் எழுதவில்லை.

உடனே பதில் வந்தது. ஆங்கிலத்தில், முழுவதும் பெரிய எழுத்தில்.

அக்டோபர் 18

இன்று வழியில் இளங்கோவின் போன் நான்கு முறை அடித்தது. பட்டறைச் சாவி அவரிடம். ஆட்கள் ஏழரைக்கே வந்து வெளியில் நிற்கிறார்கள். "டீ குடிங்கடா, வந்துர்றேன்" என்று ஒவ்வொரு முறையும் சொன்னார்.

கோதை அக்கா தினமும் மாலையில் என் வண்டிமேல் மூடிய தார்ப்பாயை எடுத்துவிட்டு, வண்டியை வெயில் படவைத்து, விசையை மட்டும் தொடாமல் ஒரு பழைய டர்க்கி டவலால் ஒற்றி எடுக்கிறார். ஒரு வாரமாகிவிட்டது. அதில் ஈரம் எங்கே இருக்கப்போகிறது?

"அவரு சரியாத் தூங்கறதே இல்ல லோகா. ஊனமான புள்ள வண்டிய ஒடச்சிட்டேன்னு பொலம்பறாரு."

ஊனமான புள்ள. அந்தச் சொல்லுக்குக் கோபப்படலாமா என்று யோசித்தேன். கோபப்படும் தகுதி எனக்கு இன்று இருக்கிறதா என்றும்.

செப்டம்பர் 11-ஐத் திரும்பப் படித்தேன். பக்கத்தைத் திருப்பிவிட்டேன்.

அக்டோபர் 22

கமர் பாய் வந்தார். நாற்பத்தைந்து வயதிருக்கும். போலியோவில் சூம்பிய இடது கால். சைடு வீல் கட்டிய ஸ்கூட்டரிலிருந்து இரண்டு கைகளால் காலைத் தூக்கி வைத்து இறங்கினார். இளங்கோ பட்டறைக்குப் போயிருந்தார். அக்கா கடைக்கு.

மூடியைக் கழற்றினார். டார்ச் அடித்தார். முகர்ந்துகூடப் பார்த்தார்.

"தண்ணியே உள்ள போகலம்மா. வெளிநாட்டுக்காரன் ரப்பர் வச்சு நல்லா மூடியிருக்கான்."

பிறகு நாற்காலியில் உட்கார்ந்தார். விசையை அழுத்தினார். வாசலிலிருந்து தெருமுனை வரை போனார். திரும்பி வந்தார். சறுக்கில் ஏறினார், இறங்கினார். நான் தூணைப் பிடித்துக்கொண்டு பார்த்தேன். இரண்டு காரணம். ஒன்றை மாற்றாமல் வைத்து மற்றதை மாற்றிப் பார்ப்பது. அவர் எந்த வகுப்பிலும் இதைப் படித்திருக்க மாட்டார்.

"இப்ப நீங்க உக்காருங்க."

உட்கார்ந்தேன். அவர் வண்டியைப் பார்க்கவில்லை. என் கட்டைவிரலைப் பார்த்தார்.

"எத்தன நாளாம்மா?"

"என்ன எத்தனை நாளா?"

"கை."

"கைக்கு ஒண்ணும் இல்ல பாய். இது காலுக்கு வந்த நோய்."

"சரி. விசைய எடுத்துட்டு முழங்கையால அமுக்கற மாதிரி ஒரு பட்டை வைக்கலாம். நான் நெறய பேருக்குப் பண்ணியிருக்கேன்" என்றார்.

"என் முழங்கைக்கு ஏன்? வண்டிதான் சரியில்ல. உங்களுக்கு இந்த மாதிரி வண்டி தெரியாது."

என் குரல் எனக்கே பிடிக்கவில்லை. அவர் கருவிகளை ஒவ்வொன்றாகத் துணியில் சுற்றினார்.

"தெரியாதுதான். காலு தெரியும், கை தெரியும். மூணு வயசுல இருந்து பாக்கறேன்." ஸ்கூட்டரில் ஏறிக்கொண்டார். "நான் யாருகிட்டயும் எதுவும் சொல்ல மாட்டேம்மா. என் வேல வண்டியோட முடிஞ்சுது. ஆனா இளங்கோ இந்த ஒரு வாரத்துல என் கடைக்கு மூணு தடவ வந்திருக்காரு. பூட்டியிருக்கற கடைக்கு. பக்கத்துக் கடைக்காரன் சொன்னான்."

மாலையில் இளங்கோ கேட்டார், பாய் என்ன சொன்னார் என்று.

"பார்ட்ஸ் வரணுமாம்" என்றேன்.

அக்டோபர் 23

சட்டைப் பொத்தான் போட இருபது நிமிடம். நாளை முதல் பொத்தான் இல்லாதது.

இதை ஏன் எழுதினேன் என்று தெரியவில்லை.

அக்டோபர் 26

தீபன் வந்துவிட்டான். பெரிய பெட்டி, அம்மா கொடுத்த மாவு, மருந்துகள். புதன்கிழமை திரும்புகிறான். எனக்கும் சேர்த்து டிக்கெட் பிடித்து வைத்திருக்கிறானாம், கேன்சல் செய்துகொள்ளலாமாம். அதைச் சொல்லும்போது சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னான்.

"வண்டி எப்ப சரியாகும்?"

"பார்ட்ஸ் வரணும்."

இரண்டாம் முறை சொல்லும்போது சுலபமாக வருகிறது.

அக்டோபர் 27, ஞாயிறு

நடந்ததை வரிசையாக எழுதப் பார்க்கிறேன்.

காலையில் இளங்கோவும் அக்காவும் தீபனைப் பார்க்கக் கீழே வந்தார்கள். கையில் வாழைப்பழச் சீப்பு. தீபன் உட்காரக்கூடச் சொல்லவில்லை.

"அண்ணே, எலக்ட்ரிக் வண்டில யாராச்சும் தண்ணி அடிப்பாங்களா? சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியும் லா." கோபத்தில் சிங்கப்பூர் "லா" தானாக வந்தது.

"தப்புதான் தம்பி" என்றார் இளங்கோ.

"அது வண்டி இல்ல. அவளோட காலு. அவ காலை உடைச்சிட்டீங்க. இப்ப ஒங்க லாரில தொங்கிட்டு காலேஜ் போறா."

"வேணும்னு செய்யலப்பா. நம்ம வீட்டுப் புள்ளன்னு நெனச்சுத்தான்..." அக்காவுக்குக் குரல் உடைந்தது.

"நம்ம வீட்டுப் பிள்ளைன்னா கேட்டுட்டு செய்வாங்க."

அது நியாயம். அதுதான் சிக்கல். அவன் சொன்னதில் பாதி நியாயம். இளங்கோ தலையைக் குனிந்துகொண்டு நின்றார். ஐம்பத்திரண்டு வயது ஆள். பழச் சீப்பை எங்கே வைப்பது என்று தெரியாமல் பிடித்துக்கொண்டே நின்றார்.

இன்னும் கொஞ்சம் பேசாமல் இருந்திருந்தால் முடிந்திருக்கும். அவர் இன்னொரு முறை மன்னிப்புக் கேட்டிருப்பார், தீபன் அடங்கியிருப்பான், நான் தண்ணீரால் வண்டி கெட்ட பெண்ணாகவே இங்கே இருந்திருப்பேன். சத்தியம் உடையாமல்.

"அண்ணா, வெளிய வா" என்றேன்.

தார்ப்பாயை எடுக்கச் சொன்னேன். "உக்காரு. வலது பக்க விசைய அழுத்து."

"ஷாக் அடிக்கும்னு..."

"அடிக்காது. அழுத்து."

அழுத்தினான். வண்டி போனது. சறுக்கில் இறங்கி, கேட் வரை.

பிறகு நான் உட்கார்ந்தேன். எல்லோரும் பார்க்கும்படி கட்டைவிரலை வைத்தேன். அழுத்தினேன். விரல் விசையின் மேல் இருந்தது, அவ்வளவுதான்.

"தண்ணி இல்ல" என்றேன். "கை."

முதலில் பேசியது இளங்கோ. "அப்ப வண்டிக்கு ஒண்ணும் ஆகலயா?"

அவர் முகத்தில் சந்தோஷம். அப்படி ஒரு சந்தோஷத்தை நான் பெரியவர்கள் முகத்தில் பார்த்ததில்லை. அடுத்த நொடி அது தப்பு என்று தெரிந்து மறைக்கப் பார்த்தார். முடியவில்லை. உதடு தானாகவே விரிந்தது. அக்கா அவர் தோளில் ஓர் அடி வைத்தார். "சிரிக்காதீங்க! என்ன மனுசன் நீங்க!"

பிறகு என்னிடம் திரும்பினார்.

"எப்பலேருந்து லோகா?"

"செப்டம்பர்லேருந்து."

"அப்ப கழுவறதுக்கு முன்னாடியே."

"ஆமாம்க்கா."

"ஒனக்குத் தெரியும்."

தெரிந்ததா? அதைத்தான் இரண்டு மாதமாக எழுதிக்கொண்டிருக்கிறேன், எனக்கே தெரியாது என்று. "தெரியும்" என்றேன்.

அவர் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். படியேறி மாடிக்குப் போய்விட்டார். கதவு சாத்தும் சத்தம்.

"கோவம் வந்தா மேல போயிடுவா" என்றார் இளங்கோ, தன் கையிலிருந்த சீப்பை என் கூடையில் வைத்துக்கொண்டே. "பாவம், தெனம் தொடச்சா வண்டிய." கொஞ்சம் யோசித்தார். "நானும்தான் தெனம் காலையில ஆளுங்க கிட்ட திட்டு வாங்கினேன்." அதற்கு மேல் அவரும் நிற்கவில்லை.

தீபன் கேட் பக்கத்திலேயே நின்றான். வெகுநேரம் கழித்து வந்து என் வலது கையை எடுத்துப் பார்த்தான். விரல்களை ஒவ்வொன்றாக மடக்கி, நிமிர்த்தி.

"பொய் சொன்னியே, ஏய்."

"ம்."

"புதன்கிழமை கெளம்புவோமா?"

"தெரியலண்ணா."

"துணை வேணும்னா வந்துடுவேன்னு சொன்னியே."

"சொன்னேன்."

"இப்ப வேணுமே."

"வேணும்."

அவன் என் கையை விடவில்லை. நாளை சாயங்காலம் நரம்பு டாக்டரிடம் நேரம் வாங்கியிருக்கிறான்.

அக்டோபர் 28

போன தடவை கால்கள் போனபோது பாதி திரும்பி வர இரண்டு மாதம். கையும் பாதி திரும்புமா? அங்கே நல்ல ஆஸ்பத்திரி, லிப்ட், அம்மா. இங்கே எட்டரைக்கு வகுப்பு. இரண்டையும் எதிரெதிரே எழுதிப் பார்த்தேன். கூட்டினால் ஒவ்வொரு முறையும் வேறு விடை வருகிறது. புதன்கிழமைக்குள் சொல்ல வேண்டும்.

அக்கா இன்னும் இறங்கி வரவில்லை. வழக்கமாக ஆறரைக்குக் கேட்கும் மிக்ஸி சத்தமும் இல்லை.

எட்டு மணிக்குக் கதவு தட்டப்படவில்லை. தட்ட வேண்டிய காரணம் இல்லைதான். வெளியே குட்டி யானையை ஸ்டார்ட் செய்யும் சத்தம் மட்டும் கேட்டது. தீபன், "நான் ஆட்டோ புடிக்கிறேன்" என்று போனை எடுத்தான். "இரு" என்றேன்.

கைத்தடியை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனேன். இளங்கோ வண்டியைப் பின்னால் எடுத்துக்கொண்டிருந்தார்.

"அண்ணே" என்று கூப்பிட்டு, என்னையும் கல்லூரியில் விட முடியுமா என்று கேட்டேன்.